ஒரு கம்பியில் இரண்டு குடித்தனம்

ஈனா பள்ளத்தாக்கு
2001 ஏப்ரல் 22

அன்புள்ள ஹருயோ அக்காவுக்கு,

மேற்கு மலையில் பனி கரைந்து, விதைப்புக் காலத்துக்கு அடையாளமான குதிரை உருவம் தெரியத் தொடங்கிவிட்டது. ஜனங்கள் வயலில் இறங்கிவிட்டார்கள். டோக்கியோவில் செர்ரிப் பூ எப்போதோ கொட்டித் தீர்ந்திருக்கும், இங்கே இப்போதுதான் அமர்க்களம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? மசுமியும் நானும் சுகம்.

கடையில் ஒரு மாற்றம். சவரக் கத்தியை மசுமியிடம் ஒப்படைத்துவிட்டேன். இனி எனக்குக் கத்தரியும் சீப்பும் மட்டும்தான். வாடிக்கைக்காரர்களுக்கு என் பெண்டாட்டி கைதான் மெத்தென்று இருக்கிறதாம். இத்தனை வருடமாக என் கையை என்னவென்று நினைத்துக் கழுத்தை நீட்டினார்களோ, தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் காது கேளாதோர் சங்கக் கூட்டத்துக்கு மத்சுமோதோ போயிருந்தேன். அங்கே ஒருவர் கம்ப்யூட்டர் மேல் குட்டிக் கேமராவை வைத்துக்கொண்டு, ஒசாகாவில் இருக்கும் தன் தம்பியோடு கையால் பேசிக் காட்டினார். சாதாரணத் தொலைபேசிக் கம்பி வழியாக. உன் கம்பெனி செய்கிற வேலையும் அதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. நீயும் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறாய், நான்தான் 'இணையம்' என்று வந்தாலே அந்தப் பத்தியைத் தாண்டிவிடுவேன்.

அக்கா, அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. நாம் பேசுவது புத்தாண்டுக்கும், முன்னோரைக் கும்பிடும் ஓபோன் பண்டிகைக்கும்தான். மற்ற நாளெல்லாம் கடிதம். கடிதத்தில் உன் முகமும் இல்லை, கையும் இல்லை. உனக்குச் சாயங்காலம் வேலை முடிந்ததும், எனக்குக் கடை சாத்தியதும், தினமும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டால் என்ன?

எங்கள் ஊருக்கு அது எப்போது வரும்? சீக்கிரம் வரவழைக்க வழி உண்டா? காத்திருக்க எனக்கு இஷ்டமில்லை.

சோயாவில் சுண்டவைத்த வெட்டுக்கிளி ஒரு டப்பா அனுப்பியிருக்கிறேன். ஆபீஸ்காரர்களுக்குக் காட்டாமல் சாப்பிடு.

உன் தம்பி,
இவாவோ


டோக்கியோ
மே 6

அன்புத் தம்பி இவாவோவுக்கு,

இங்கே இளம் இலைக் காற்று நன்றாக இருக்கிறது. முதுகுவலி அப்படியேதான், ஆனால் அதற்கும் எனக்கும் ஒரு சமரசம் ஏற்பட்டுவிட்டது. மசுமியின் இருமல் நின்றதா? வெட்டுக்கிளி வந்து சேர்ந்தது. காட்டாமல் சாப்பிட முடியவில்லை. எங்கள் பொறியாளர் செகி வாசனை பிடித்து வந்து பாதி டப்பாவைக் காலி செய்துவிட்டார். "கரசாவாம்மா, உங்க ஊர்ல இதைத் தின்னா கம்பம் ஏறுற தெம்பு வரும்போலிருக்கே" என்றார். பெண்பிள்ளைதான். ஆனால் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுக்குள் போனால் கம்பிக் கூட்டத்தின் நடுவே தரையில் படுத்து வேலை பார்ப்பார். எங்கள் கம்பெனி நிற்பதே அந்த அம்மாளால்தான் என்பது என் அபிப்பிராயம்.

நீ தாண்டிப் போன பத்திகளை எல்லாம் சேர்த்து ஒரே பத்தியாகச் சொல்கிறேன், இதையாவது படி. உன் வீட்டுக்கு வரும் கம்பியை ஒரு மாடி வீடு என்று வைத்துக்கொள். பேச்சுக் குரலுக்குக் கீழ்த்தளம் போதும். அங்கே பெரிய தொலைபேசிக் கம்பெனி காலங்காலமாகக் குடியிருக்கிறது. மாடி சும்மா பூட்டிக் கிடந்தது. கம்பியை மற்றவர்களுக்கும் பங்கு கொடு என்று அரசாங்கம் சொன்னதும் நாங்கள் மாடிக்கு வாடகைக்கு வந்தோம். படியும் வாசலும் ஒன்றுதான், குடித்தனம் மட்டும் இரண்டு. கீழே மசுமி முடிவெட்ட வருகிறவர்களோடு தொலைபேசியில் பேசலாம், அதே நேரத்தில் மாடியில் நாம் கையால் பேசலாம். ஒருவர் சத்தம் மற்றவருக்குக் கேட்காது. பதினோரு பேர் சேர்ந்து ஒரு வாடகை அறையில் தொடங்கிய கம்பெனி இதைச் செய்கிறது என்று நினைத்தால் எனக்கே பெருமையாக இருக்கிறது.

இப்போது நல்ல சேதி. உங்கள் ஊர் எக்ஸ்சேஞ்சில் எங்கள் கருவியை வைக்க இடம் கிடைத்துவிட்டது. உடனே விண்ணப்பம் போடு.

அதுசரி, அப்படி என்ன அவசரம் உனக்கு? புதுச் செருப்பு வாங்கினாலே ஒரு வருடம் பெட்டியில் வைத்துப் பார்க்கிறவன் நீ.

மசுமிக்கு என் அன்பு. தேநீரைச் சூடாகக் குடியுங்கள்.

ஹருயோ


ஈனா
மே 30

அக்காவுக்கு,

நாற்று நட்டு முடிந்து வயலெல்லாம் தண்ணீர். தவளைச் சத்தம் தாங்கவில்லை என்று மசுமி சொல்கிறாள். எனக்கு அந்தத் தொல்லை இல்லை. நீ நலமா?

விண்ணப்பம் போட்டுவிட்டேன். கம்ப்யூட்டரும் கேமராவும் வந்துவிட்டன. சங்கத்துக்காரர் வந்து பொருத்திக் கொடுத்தார். கம்பிதான் பாக்கி. அவசரம் என்ன என்று கேட்டாய். அக்காவோடு பேச ஆசைப்படுவதற்குக் காரணம் எழுதித் தர வேண்டுமா? உனக்கு வயதாகிக்கொண்டே போகிறது, அதுதான் காரணம் என்று வைத்துக்கொள்.

மழைக்காலம் வருகிறது. குடையை ரயிலில் விடாதே.

இவாவோ


டோக்கியோ
ஜூன் 24

தம்பிக்கு,

மழை விடவே இல்லை, துவைத்த துணி எல்லாம் அறைக்குள்தான். உங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று யோசித்தேன். ஆபீசில் என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். திரும்பி வந்த விண்ணப்பங்களுக்கு 'வருந்துகிறோம்' என்று கடிதம் அனுப்புவது. நேற்று அந்தக் கட்டுக்குள் உன் விண்ணப்பம் வந்தது. காரணம், 'லைன் உரிமையாளர் பெயர் பொருந்தவில்லை'.

நீ 'கரசாவா இவாவோ' என்று எழுதினாய். பெரிய கம்பெனியின் பதிவில் அந்த லைன் இன்னும் 'கரசாவா தோகுஜி' பேரில் இருக்கிறது. அப்பா போய் ஒன்பது வருடம் ஆயிற்று, நாம் யாருமே மாற்றவில்லை. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. தினமும் ஊராருக்கு இதே பதிலை அனுப்புகிறவள், சொந்தத் தம்பிக்கு முன்கூட்டிச் சொல்லத் தோன்றவில்லையே. செகி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "விடுங்க கரசாவாம்மா. இந்த நாட்டுல பாதி லைன் செத்தவங்க பேர்லதான் ஓடுது. மீதி, ஓடிப்போன புருஷன் பேர்ல. பில் கட்டினா போதும்னு எல்லாரும் விட்டுட்டாங்க."

அப்பா அந்தத் தொலைபேசியை என் கல்யாணப் பேச்சுக்காக வாங்கினார். கல்யாணம் நடக்கவில்லை, தொலைபேசி மட்டும் நின்றுவிட்டது. நீ போய் உரிமையை உன் பெயருக்கு மாற்ற வேண்டும். குடும்பப் பதிவேட்டு நகலும் முத்திரையும் எடுத்துக்கொண்டு போ. அப்பா பெயர் என்பதால் உனக்குப் போகப் பிடிக்காமல் இருக்கலாம். எனக்காகப் போ.

மன்னித்துக்கொள். மசுமியை விசாரித்ததாகச் சொல்.

ஹருயோ


ஈனா
ஜூலை 15

அக்காவுக்கு,

வெயில் வந்துவிட்டது. கடை வாசலில் மசுமி தண்ணீர் தெளிக்கிறாள், அது தெளித்த இடத்திலேயே காய்ந்துவிடுகிறது. நீ சரியாகச் சாப்பிடுகிறாயா?

பெரிய கம்பெனியின் கவுன்டருக்குப் போய்வந்தோம். இளைஞன், நல்ல பையன், கழுத்துப்பட்டி இறுக்கி மூச்சுத் திணறிக்கொண்டிருந்தான். அவன் சொன்னதை மசுமி கையால் சொன்னாள், பாதியை அவன் உதட்டிலிருந்தே பிடித்தேன்.

"உரிமையாளர் தோகுஜி ஐயா நேர்ல வந்தா உடனே முடிஞ்சிடும்ங்க."

"அவர் கோயில் பின்னாடி கல்லுக்குக் கீழ இருக்கார். கூப்பிட்டா வரமாட்டார்" என்றாள் மசுமி.

அவன் முகம் சிவந்துவிட்டது. எழுந்து நின்று குனிந்து வணங்கினான். பிறகு தயங்கித் தயங்கி, "ஐயாவுக்குக் காது கேக்காதுன்னு சொன்னீங்க. அப்ப இந்த லைன் எதுக்குங்க?" என்றான்.

"கீழ்வீடு எனக்கு, மாடி அவருக்கு" என்றாள் மசுமி. உன் பத்தியை அவள்தான் மனப்பாடமாக வைத்திருக்கிறாள். அவனுக்குப் புரியவில்லை. அவனை உட்காரவைத்து விளக்கினாள். அவர்கள் கம்பியைப் பற்றி அவர்கள் ஆளுக்கே பாடம் எடுத்தாள். மதியச் சாப்பாட்டு நேரம் வந்தும் அவன் எழுந்து போகவில்லை, வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு வாசல்வரை வந்தான்.

அப்பா பெயரில் கோடு போட்டு அருகில் என் பெயரை எழுதினேன். சாப்பிடும்போது நான் கையால் பேசினால் சாப்பாட்டுக் குச்சியால் விரலில் அடித்து, "வாயால பேசு, வாயால பேசு" என்று என்னை அழவைத்த மனிதர். இப்போது அவர் வாங்கிய கம்பியிலேயே என் கை போகப்போகிறது. கோபம் வரும் என்று நினைத்துத்தான் போனேன், வரவில்லை. அவருக்கும் பயம்தான் இருந்திருக்கும், இந்தப் பையன் ஊரில் எப்படிப் பிழைப்பான் என்று. ஒருநாளும் அதைச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

விண்ணப்பத்தை மறுபடி அனுப்பிவிட்டேன். ஓபோனுக்கு வருகிறாய் அல்லவா? நீ வந்தால் கல்லறைக்குப் போய் நாமே அவரிடம் சொல்லிவிடலாம்.

வழி பார்த்திருக்கும்,
இவாவோ


டோக்கியோ
ஆகஸ்ட் 19

தம்பிக்கு,

ஓபோனுக்கு வராத பாவி எழுதுகிறேன். தந்தி கொடுத்தாலும் மனசு ஆறவில்லை. இங்கே புதிதாக வந்த வேறொரு கம்பெனி திடீரென்று பாதி விலை என்று அறிவிக்க, நாங்களும் விலையைக் குறைக்க, விண்ணப்பம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கிவிட்டது. யாருக்கும் விடுமுறை இல்லை. செகி மேசைக்கடியில் தூங்குகிறார். அப்பாவுக்கு ஊதுவத்தி நீங்கள் ஏற்றியிருப்பீர்கள். என் பங்குக்கும் சேர்த்துக் கும்பிட்டிருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் பெயர் இப்போது பொருந்திவிட்டது. மோடத்தை நானே கட்டி அனுப்பியிருக்கிறேன். செப்டம்பர் ஐந்தாம் தேதி உன் மாடி திறக்கும். வராதவளுக்குத் தண்டனையாகத் தினமும் அரை மணி நேரம் உன் பேச்சைக் கேட்கிறேன், போதுமா?

வெயிலில் தொப்பி போடாமல் போகாதே. எழுது.

ஹருயோ


ஈனா
செப்டம்பர் 30

மதிப்பிற்குரிய அண்ணிக்கு, மசுமி வணக்கம்.

அறுவடை ஆரம்பித்துவிட்டது, காலையில் குளிர்கிறது. நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இவ்வளவு நாள் அவரிடமிருந்து கடிதம் வராததற்கு மன்னிக்க வேண்டும். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

சொன்ன தேதிக்குக் கம்பி வந்தது. மோடத்தில் பச்சை விளக்கு எரிந்ததும் அவர் கைதட்டினார். கொஞ்ச நேரத்தில் அணைந்துவிட்டது. பிறகு எரிந்தது, மறுபடி அணைந்தது. அன்றிலிருந்து இதே கதைதான். கடை சாத்தியதும் அதன் எதிரே போய் உட்கார்ந்துவிடுகிறார். உங்களுக்கு எழுதச் சொன்னால், "அக்கா அவ கம்பெனியைப் பத்தி எவ்வளவு பெருமையா எழுதறா. எப்படிச் சொல்றது?" என்கிறார்.

அது மட்டுமானால் நான் எழுதியிருக்க மாட்டேன். அண்ணி, அவருக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. போன இலையுதிர் காலத்தில் டாக்டர் சொன்னார். பிறவியிலேயே காது கேளாதவர்கள் சிலருக்கு இது கூடவே வருமாம். சுற்றிலும் இருட்டு நெருங்கி, நடுவில் மட்டும் தெரிகிறது, காகிதத்தைச் சுருட்டி அதன் வழியாகப் பார்ப்பதுபோல. அந்த நடுவட்டம் எத்தனை காலம் நிற்கும் என்று டாக்டருக்கே தெரியவில்லை. சவரக் கத்தியை நான் வாங்கிக்கொண்டது அதனால்தான். ஒருவர் காதில் கீறல் விழுந்துவிட்டது. அன்று மாலை கத்தியைத் துடைத்து என் கையில் கொடுத்தவர், அப்புறம் அதைத் தொடவில்லை. என்னோடு பேசும்போதும் என் கை அவருக்குத் தப்பிப் போகிறது. முகத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சின்னதாகப் பேச நான் பழகிக்கொண்டேன்.

"அக்காகிட்ட சொல்லாதே. சொன்னா, அவ என் கையைப் பாக்காம கண்ணையே பாத்துட்டு இருப்பா" என்கிறார்.

அவருக்கு நினைப்பெல்லாம் ஒன்றுதான். வருடத்துக்கு இரண்டு தடவை என்றால் கண் போவதற்குள் உங்களோடு எத்தனை தடவை பேச முடியும்? இந்த விளக்கு நின்று எரிந்தால் தினமும் பேசலாம். நீங்கள் ஓபோனுக்கு வரமுடியாது என்று தந்தி வந்த அன்று முழுக்க, அந்தக் கேமராவைத்தான் துடைத்துத் துடைத்து வைத்தார்.

இதை நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். கம்பியை மட்டும் சரிசெய்ய முடியுமா என்று பாருங்கள்.

உங்கள்,
மசுமி


டோக்கியோ
அக்டோபர் 13

அன்புத் தம்பி இவாவோவுக்கு,

வானம் நிர்மலமாக இருக்கிறது, முதுகுவலிகூடக் குறைந்துவிட்டது. உன்னிடமிருந்து கடிதம் இல்லை. அறுவடைக்கு முன்னால் எல்லோரும் தலைமுடி வெட்ட வருவார்கள், வேலை அதிகமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆபீஸ் பதிவில் உன் லைனை எடுத்துப் பார்த்தேன். விட்டு விட்டு அறுகிறது என்று தெரிந்தது. நீ ஏன் சொல்லவில்லை? எங்கள் கம்பெனி மானம் உன் வீட்டு மோடத்திலா இருக்கிறது? இப்படி எத்தனையோ பார்த்தாயிற்று.

செகியிடம் போனேன். நான் என்ன சொன்னேன் என்று கேட்காதே. அவர் மேசையில் நூறு லைன் காத்திருந்தன. எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வந்து உன் லைன் எண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடக்கூட எழவில்லை. கடைசியில் நாற்காலியைத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "தூரம் காரணமில்ல, கரசாவாம்மா. கம்பியும் நல்ல கம்பி, உங்க அப்பா காலத்துக் கம்பி. பக்கத்து வீட்ல யாரோ கத்தறாங்க."

விளக்கம் இதுதான். கம்பத்திலிருந்து கம்பிகள் ஒன்றோடொன்று முறுக்கிய கட்டாகத்தான் வரும். பக்கத்துக் கம்பியில் பழைய டிஜிட்டல் லைன் ஓடினால், அதன் இரைச்சல் மாடியில் இருப்பவர்களுக்குத்தான் பாயும். கீழ்வீட்டுக்கு ஒன்றும் தெரியாது. உன்னை வேறு கட்டுக்கு மாற்றச் சொல்லிப் பெரிய கம்பெனியிடம் கேட்டோம். மரியாதையாகத்தான் பதில் சொன்னார்கள், உங்கள் தெருவுக்கு வரும் கேபிளில் மிச்சக் கம்பியே இல்லையாம். யாருடைய லைன் என்று அவர்கள் எங்களுக்குச் சொல்லக் கூடாது. ஆனால் உன் தெருவில் டிஜிட்டல் லைன் வைத்திருப்பவர் யார் என்று உனக்குத் தெரியாதா? அவர் சாதாரண லைனுக்குத் திரும்பினால் போதும்.

கேட்கக் கூச்சமாக இருக்கும், தெரியும். போய்க் கேள். தள்ளிப்போடாதே.

மசுமிக்கும் உனக்கும் என் அன்பு. இந்த வருடம் காளான் கிடைத்தால் எனக்கு அனுப்பாதீர்கள், நீங்களே சாப்பிடுங்கள்.

ஹருயோ


ஈனா
நவம்பர் 4

அக்காவுக்கு,

வீட்டுக் கூரைக்குக் கீழே தோல் சீவிய பெர்சிமன் பழங்களைக் காயக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம், வீடே ஆரஞ்சு நிறமாக இருக்கிறது. மலை உச்சியில் முதல் பனி. நாங்கள் சுகம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன். சொல்லாததற்குக் கோபித்துக்கொள்ளாதே.

டிஜிட்டல் லைன் என்றால் எங்கள் தெருவில் கொமியாமாதான், பக்கத்து மதுக்கடைக்காரர். ஒரே கம்பியில் ஃபோன் ஒன்று, ஃபேக்ஸ் ஒன்று என்று அதை வாங்கியபோது தெருவுக்கே விருந்து வைக்காத குறைதான். அவரிடம் போய் அதை எடுத்துவிடு என்று எப்படிக் கேட்பது? இரண்டு நாள் அவர் கடைக்குப் போய்ப் போய் சூப்புக்கு மிசோ விழுது மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். மூன்றாம் தடவை மசுமி கூட வந்துவிட்டாள்.

அவள் விஷயத்தைச் சொன்னதும் கொமியாமா கண்ணாடியைக் கழற்றினார். "என் லைன் உங்க லைனைத் தொந்தரவு பண்ணுதா? நான் உண்டு என் கடை உண்டுன்னு இருக்கேன்."

"நீங்க பண்ணலை. ரெண்டு கம்பியும் ஒட்டிட்டு வருதில்ல, அந்த இரைச்சல் தாண்டி வருதாம்."

"ஒட்டிட்டு இருக்கிறது நம்ம சுவரும்தான். என் பெண்டாட்டி கத்தறது உங்களுக்குக் கேக்கலையா?"

"எனக்குக் கேக்கும். இவருக்குக் கேக்காது."

அவர் சிரித்தார். ஆனால் சரி என்று சொல்லவில்லை. ஃபேக்ஸில்தான் மொத்த வியாபாரியின் ஆர்டர் வருகிறதாம், ஃபோன் அடிக்கும்போது அது நின்றுவிட்டால் வியாபாரம் கெடும் என்றார். நியாயம்தான். நான் வணங்கிவிட்டுக் கிளம்பினேன். மசுமி மட்டும் பின்தங்கி அவரிடம் ஏதோ சொன்னாள். எனக்கு முதுகு காட்டி நின்றதால் உதடு தெரியவில்லை.

மறுநாள் காலையில் கொமியாமா கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் தலையில் வெட்ட என்ன இருக்கிறது என்று உனக்கே தெரியும். ஒரு தாளில் எழுதி என்னிடம் நீட்டினார்: 'சாதாரண லைன் கேட்டு நேற்றே சொல்லிவிட்டேன். ஃபேக்ஸ் வந்தால் ஃபோன் வேலை செய்யாது. அந்த நேரமாவது நிம்மதியாக இருப்பேன்.' கீழே இன்னொரு வரி: 'உன் அக்கா கம்பெனியில் எனக்கும் ஒரு மாடி பார்க்கச் சொல்.'

அக்கா, குனிந்து வணங்கப் போனால் அவர் என் தோளைப் பிடித்து நிறுத்திக் காது ஓரத்து முடியைக் காட்டினார், வேலையைப் பார் என்கிற மாதிரி. (அவருக்கு மாடி பார்க்கும் முன் லைன் யார் பேரில் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். அவர் மனைவியின் பெரியப்பா பேரில் இருக்கிறதாம். பெரியப்பா போய் ரொம்ப நாள் ஆகிறது.)

முந்தாநாள் அவர் லைனை மாற்றினார்கள். பச்சை விளக்கு எரிந்தது, எரிந்துகொண்டே இருக்கிறது. மசுமி வந்து இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று தடவை இழுத்த பிறகுதான் எழுந்தேன்.

வருகிற சனிக்கிழமை மாலை, கடை சாத்தியதும். நீ தயாரா?

இவாவோ


டோக்கியோ
நவம்பர் 12

தம்பிக்கு,

இங்கே குளிர்காற்று தொடங்கிவிட்டது. உன் சுகத்தை இந்தத் தடவை நேரில் பார்த்துத் தெரிந்துகொண்டேன், ஆனாலும் எழுதிப் பழகிய கை கேட்க மாட்டேன் என்கிறது.

நடுவில் மசுமி எழுந்து போனாளே, தொலைபேசி அடித்தது என்று. நீ பேசிக்கொண்டே இருந்தாய். அவள் பின்னால் நின்று யாருக்கோ நாளைக்கு நேரம் கொடுத்துக்கொண்டிருந்தாள். உன் படம் அறுந்துபோகாமல் என் முன்னால். இதை எத்தனையோ பேருக்குக் கடிதத்தில் விளக்கியிருக்கிறேன், அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தேன். எங்கள் பதினோரு பேரையும் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. இன்று காலை செகியிடம் சொன்னதும் அவர் அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

ஆனால் படம் தீப்பெட்டி அளவுதான் வருகிறது, அதிலும் கை விட்டு விட்டு நகர்கிறது. எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் வீடு இருக்கும் தூரத்துக்கு அதற்குமேல் பெரிதாக்கினால் அறுந்துவிடுமாம். செகி உன்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அதை உற்றுப் பார்த்துக் கண் வலிக்கிறதா? வலித்தால் சொல். நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். புத்தாண்டுக்குக் கட்டாயம் வருகிறேன், அப்போது பெரிதாகப் பார்க்கலாம்.

ஹருயோ


ஈனா
நவம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

காலையில் வாளித் தண்ணீரில் மெல்லிசாக ஐஸ். ஊறுகாய்க்குக் கீரை கழுவி மசுமியின் கை சிவந்துவிட்டது. சாயங்காலம் பார்க்கப்போகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். இதைக் கையால் சொன்னால் நீ நடுவில் குறுக்கிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

முதல் நாள் நீ திரையில் வந்ததும் கை இரண்டையும் தாடைக்குக் கீழே, மார்போடு ஒட்டிவைத்துச் சின்னதாகப் பேசினாய். கேமரா கூச்சம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே. நேற்றும் அப்படியே. அக்கா, நீ அப்படிப் பேசுகிறவள் இல்லை. நீ 'மழை' என்று சொன்னால் அறை முழுக்கப் பெய்யும். சின்ன வயதில் அப்பாவிடம் அடி வாங்கியது என் கை, மாட்டிவிட்டது எப்போதும் உன் கை. முகத்தோடு ஒட்டிச் சின்னதாகப் பேசுகிற ஒருத்தியைத்தான் எனக்குத் தெரியும். அவள் ஏன் அப்படிப் பேசுகிறாள் என்பது உனக்கும் தெரிந்திருக்கிறது.

எப்போதிலிருந்து என்று கேட்கவில்லை. மசுமியையும் ஒன்றும் சொல்லவில்லை. செகி ஞாயிற்றுக்கிழமை வந்ததும், கொமியாமா மனம் மாறியதும் எதனால் என்று இப்போது புரிகிறது. என்னிடம் காட்டிக்கொள்ளாமல் இத்தனை பேர் எனக்காக ஓடியிருக்கிறீர்கள். நான் மறைத்ததற்கு நீ மறைத்தது சரியாகிவிட்டது, விடு.

ஆனால் நீ ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறாய். படம் சின்னது என்று செகி மன்னிப்புக் கேட்டாராம். அவரிடம் சொல், எனக்கு மிச்சமிருக்கும் வட்டமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நேரில் நீ எதிரே உட்கார்ந்தால், முகத்தைப் பார்த்தால் கை போய்விடும், கையைப் பிடித்தால் முகம் போய்விடும். போன புத்தாண்டுக்கு நீ பேசியதில் பாதியை ஊகித்துத்தான் தலையாட்டினேன். டோக்கியோ போகிற பஸ்ஸில் நீ ஏறிய பிறகு அதற்காக அழுதேன். அந்தத் தீப்பெட்டிக்குள் நீ முழுசாக இருக்கிறாய். உன் முகம், இரண்டு கை, பின்னால் காயும் துணிகூட. ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று அக்கா, உன்னை முழுசாகப் பார்த்து.

இது எத்தனை காலம் என்று தெரியாது. இருக்கிற வரைக்கும் தினமும் பார்ப்பேன். அதனால் நீ கையைச் சுருக்காதே. எவ்வளவு அகலமாக வீசினாலும் அந்தக் கேமரா எனக்குத் தகுந்த அளவில் மடித்துக் கொடுத்துவிடும். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொள்.

நாளையிலிருந்து சத்தமாகப் பேசு அக்கா.

இவாவோ